கசோம்பாவில் செந்தாமரையின் முட்டி

என் கண்ணாடியைக் கழற்றிச் சீப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டார் பஞ்சாட்சரம். இனி சவரம் முடியும்வரை எனக்குப் பாதி உலகம்தான். எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கு ஒரு கண்ணாடி வேண்டும், அந்தக் கண்ணாடி இந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் கிடக்கிறது, என் கைகளோ வெள்ளைத் துணிக்குள்ளே. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தவனுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், நம்மைப் போன்றவர்களை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. புதன்கிழமை காலை. நேற்று செவ்வாய், கடை கிடையாது, அதனால் இன்றைக்குக் கூட்டம், பின்னால் நாற்காலிகளில் இரண்டு பேர் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே மூன்று நாளாக விடாத மழை. என் முதுகுக்குப் பின்னால் சுவரில் டிவி, அதன் வாயை அடைத்துவிட்டு ரேடியோவில் பாட்டு வைத்திருக்கிறார் பஞ்சாட்சரம், பார்ப்பதற்கு ஒன்று கேட்பதற்கு ஒன்று என்பது அவர் ஏற்பாடு. ஆக, கலியமூர்த்தி ஆகிய நான், நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற நான், செய்தியைக் கண்ணாடியில், இடம் வலமாகவும் வலம் இடமாகவும், எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு ஓட, மங்கலாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்திருக்கவே வேண்டாம். கீழே ஓடுகிற வரியில் 'சுரங்க' என்று ஒன்று வந்தது, நடுவில் பஞ்சாட்சரத்தின் முழங்கை வந்து மறைத்தது, முழங்கை விலகினால் 'மூடல்' என்று நிற்கிறது. வரிக்கு மேலே படத்தில் சீருடை போட்ட ஆட்கள், ஏழெட்டுப் பேர், ஒரு வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். சுரங்கம் மூடல், சீருடை, வண்டி. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

"தாடையைத் தூக்குங்க சார்" என்றார் பஞ்சாட்சரம். தூக்கினேன். எந்தச் சுரங்கம் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. உலகத்தில் ஆயிரம் சுரங்கம் இருக்கலாம், நான் வேலை பார்த்த சுரங்கமே இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் இந்த எட்டு மாசமாக எனக்குச் சுரங்கம் என்றால் ஒன்றுதான், கசோம்பா நாட்டுத் தாமிரச் சுரங்கம். அந்த நாட்டை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை, அங்கே செந்தாமரையின் இரண்டு முட்டியும் இருக்கின்றன. செந்தாமரை என் மனைவி. அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருஷம் டீச்சர், இருபத்தெட்டு வருஷமும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து, போன வருஷம் ஓய்வு பெறும்போது முட்டி இரண்டும் அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டிருந்தன. எங்கள் வாடகை வீட்டு வாசலில் மூன்றே படி. மூன்றாவது படியில் நின்று அவள் ஒரு மூச்சு விடுவாள், அந்தச் சத்தம் உள்ளே ஹாலில் இருக்கிற எனக்குக் கேட்கும், கேட்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும், எழுந்து போய்க் கையைக் கொடுத்தால் 'நான் என்ன கெழவியா' என்று தட்டிவிடுவாள். பொங்கல் கழிந்து புதுச்சேரியில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு அவளுக்கு வந்த ஓய்வுப் பணத்தை, 'போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டு வாங்க' என்று என்னிடம் கொடுத்தாள். அவள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் என்பதை இப்போது, தாடையைத் தூக்கிக்கொண்டு, விட்டத்தில் மின்விசிறியைப் பார்த்தபடி நினைக்கிறேன். போஸ்ட் ஆபீஸ் என்று சொன்னாள். கசோம்பா என்று சொல்லவில்லை.

ஆனால் போஸ்ட் ஆபீசுக்கு முன்னால் பேங்க் இருக்கிறதே. பேங்கில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, வெளிநாட்டுச் சுரங்கங்களில் முதலீடு செய்யும் நிதி என்று, படம் போட்டு. படத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம், படி படியாக இறங்குகிற பள்ளம். இரண்டு வருஷமாக நான் ஒரு சுரங்கத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படிகளைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. சரிவு எத்தனை டிகிரி என்று கண்ணாலேயே அளந்தேன், சரியாக வெட்டியிருந்தார்கள், எவனோ என்னைப் போல ஒரு சர்வேயர் காலையில் எழுந்து வந்து அளந்துவிட்டுத்தான் மெஷினை விட்டிருக்கிறான். இவனை நம்பலாம் என்று பட்டது. படத்தைப் பார்த்து முதலீடு செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செந்தாமரை பேரிலேயே விண்ணப்பப் பாரம் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, 'இதுல ஒரு கையெழுத்துப் போடு' என்றேன், இட்லி மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். போஸ்ட் ஆபீஸ் பாரம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த நியாயத்தை எட்டு மாசமாக எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு நாள்கூட எடுபடவில்லை.

சோப்பு குளிர்ந்து இழுக்கிறது. ரேடியோவில் பாட்டு முடிந்து விளம்பரம். நாங்கள் கல்யாணம் ஆன புதிதில், 'பெஞ்ச் அளக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டு நான் தினமும் காலையில் கிளம்புவேன், ஒரு மாசம் கழித்து அவள் கேட்டாள், 'ஏங்க, இந்த ஊர்ல அத்தனை பள்ளிக்கூடமா இருக்கு?' பெஞ்ச் என்றால் மாணவன் உட்காருகிற பெஞ்ச் என்று நினைத்திருக்கிறாள், நான் தச்சு வேலை பார்க்கிறவன் என்று அவள் அம்மா வீட்டுக்குக் கடிதமே போயிருக்கிறது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். தட்டில் சோற்றைக் குவித்து, கரண்டியால் ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டினேன். ரசம் ஊற்றினேன், மொத்தச் சோறும் சரிந்தது. இன்னொரு குவியலைப் படி படியாக வெட்டினேன், மேலே ஒரு படி, கொஞ்சம் தள்ளிக் கீழே ஒரு படி. ரசம் ஊற்றினேன், மேல்படி கொஞ்சம் இளகி அடுத்த படியில் உட்கார்ந்தது, அவ்வளவுதான், குவியல் நின்றது. இந்தப் படிக்குப் பேர்தான் பெஞ்ச், ஒன்று சரிந்தாலும் எல்லாம் சரியக்கூடாது, அதற்குத்தான் தினமும் போய் அளக்கிறேன் என்றேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ரசம் தீந்துருச்சு, உங்களுக்கு மோர்தான்' என்றாள். இவ்வளவையும் சோற்றில் காட்டிக் கொடுத்த நான், அவள் முட்டிப் பணத்தை எப்படி வெட்டினேன்? செங்குத்தாக. மொத்தத்தையும் ஒரே நிதியில். அந்த நிதியில் உலகம் முழுக்கச் சுரங்கம் உண்டு என்றாலும், பெரும் பங்கு அந்தக் கசோம்பாவின் ஒரே பள்ளத்தில். மழை வேறு ஊற்றிக்கொண்டிருக்கிறது.

எனக்கு மண்ணுக்கு அடியில் இருப்பது தெரியும், மண்ணுக்கு மேலே இருப்பவனைத்தான் தெரியாது. களிமண் எப்போது வழுக்கும், ஊற்று எந்த ஆழத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், எத்தனை பம்ப் ஓடினால் தரை பொங்காது, கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். ஒரு தளபதி எப்போது பொங்குவான் என்று யார் சொல்வது? முதல் மூன்று மாசம் விலை ஏறியது, நான் மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி தெருவில் நடந்தேன். பிறகுதான் கசோம்பாவில் வரியை ஏற்றப் போவதாக ஒரு செய்தி வந்தது, உடனே போய் உலகப் படம் ஒன்று வாங்கிவந்து பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். 'எதுக்குங்க?' என்றாள். 'பொது அறிவு' என்றேன். சுரங்கம் இருக்கிற நாட்டுக்கெல்லாம் ஒரு அடையாளம் வைக்க வேண்டும், கையில் எதுவும் இல்லை, கண்ணாடி மேசையில் அவளுடைய ஒட்டுப்பொட்டு அட்டை இருந்தது. அமைதியான நாட்டுக்குப் பச்சைப் பொட்டு, சிக்கல் உள்ள நாட்டுக்குச் சிவப்புப் பொட்டு. ஆஸ்திரேலியாவுக்குப் பச்சை. சிலி நாடு ஒல்லியாக இருக்கிறது, பொட்டு பாதி கடலுக்குள் போய்விட்டது. காலையில் பேப்பரும் போனும் பார்த்துவிட்டு பொட்டுகளை மாற்றுவேன், ஒன்பது மணிவரை அதே வேலை, மறுபடியும் பெஞ்ச் அளக்கிற மாதிரியே இருந்தது, உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது, பயத்தோடு பிடித்திருந்தது. ஐப்பசியில் கசோம்பாவின் அதிபர் வைத்தியத்துக்கு வெளிநாடு போனார். அவருக்கும் முட்டியோ என்னவோ. தளபதி ஒருவர் டிவியில் வந்து எல்லாம் அமைதியாக இருக்கிறது என்றார். எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னால் பம்ப் நின்றுவிட்டது என்று அர்த்தம், இது சுரங்கத்தில் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கே கசோம்பாவுக்கு இரண்டாவது சிவப்புப் பொட்டு வைத்தேன். 'என் பொட்டெல்லாம் எங்கதான் போவுதோ' என்று அவள் மேசையைத் துழாவிக்கொண்டிருந்தாள், நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன்.

அன்றைக்கே விற்றிருக்கலாமே என்று இப்போது கேட்கிறது மனசு. கேட்கும், அதற்கென்ன. விலையை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம், விற்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும், அந்த எண் யார் பேரில் பணம் இருக்கிறதோ அவர் போனுக்கு வரும். அதாவது செந்தாமரை போனுக்கு. அவளிடம் போய், ஒரு எண் வரும், சொல்லு என்று கேட்க வேண்டும். என்ன எண் என்பாள். கசோம்பாவிலிருந்து உன் முட்டியைக் கொண்டுவருகிற எண் என்பேனா? தினமும் ராத்திரி நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பேன், காலையில் அவள் படியில் நின்று விடுகிற மூச்சு கேட்கும், வாய் வராது. விலை ஒரு நாள் கொஞ்சம் ஏறும், போட்ட பணம் வரட்டும், சத்தமில்லாமல் போஸ்ட் ஆபீசில் போட்டுவிடலாம் என்று நினைப்பேன், மறுநாள் இறங்கும். இப்போது மூடியே விட்டார்கள். இனிமேல் அந்தச் சீருடைக்காரர்கள் சுரங்கம் நாட்டுக்கே சொந்தம் என்று கொடி ஏற்றுவார்கள், நியாயம்தான், அவர்கள் மண், ஆனால் என் பெண்டாட்டியின் முட்டி? அவர்களிடம் போய் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் தேவலை. ஐயா, தளபதி ஐயா, இருபத்தெட்டு வருஷம் தரையில் உட்கார்ந்தவள்.

"பேசாதீங்க சார், கத்தி கழுத்துல இருக்கு" என்றார் பஞ்சாட்சரம். வாய்விட்டுப் பேசிவிட்டேனா? பின்னால் பேப்பர் சலசலத்தது. பஞ்சாட்சரமே பேச்சைத் தொடர்ந்தார். "டீச்சருக்கு எப்பங்க சார் ஆபரேஷன்? எம்பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவங்ககிட்ட படிச்சவனாச்சே." கண்ணை மூடிக்கொண்டேன், கத்தி கழுத்தில் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது. இந்தத் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அவளிடம் சுண்டல் தின்று வளர்ந்தவர்கள், விஷயம் தெரிந்தால் எனக்கு இங்கே சவரம்கூடக் கிடைக்காது. டிவியைத் திரும்பிப் பார்க்கலாம், கழுத்தில் கத்தி. யாரிடமாவது கேட்கலாம், 'உங்களுக்கு எதுக்கு சார் கசோம்பா' என்பார்கள். கண்ணைத் திறந்தேன், கண்ணாடியில் அதே சீருடைகள், வண்டியைத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது, பீரங்கி வண்டியாக இருக்கும். மழை அங்கேயும் பெய்கிறது போலிருக்கிறது, எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிகிறது. வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்துக்கு அவர் கத்தியை மாற்றிப் பிடித்தபோது என் சட்டைப் பையில், துணிக்கு அடியில், போன் அடித்தது.

"இருங்க சார், நான் எடுக்கிறேன்" என்று பஞ்சாட்சரம் இரண்டு விரலைத் துணிக்குள் விட்டுப் போனைப் பிடுங்கினார். "டீச்சர்தான்." கையெல்லாம் சோப்பு, அதனால் ஸ்பீக்கரை அழுத்திச் சீப்புகளுக்கு நடுவே என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார், மரியாதைக்கு ரேடியோவையும் அணைத்தார்.

"என்னங்க, டிவி பாத்தீங்களா? சுரங்கத்த மூடிட்டாங்களாம்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தேன் தாமரை" என்றேன்.

"பாத்துட்டீங்கல்ல? இப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன், அந்தச் சாதாரணக் குரல்தான் என்னை உடைத்தது. எட்டு மாசம் வராத வார்த்தை, பாதி முகம் சோப்போடு, மூன்று பேர் கேட்க, தானாக வந்தது.

"தப்புதான், மன்னிச்சிடு தாமரை. நான் போஸ்ட் ஆபீசுக்கே போகல. உன் முட்டிப் பணம் மொத்தத்தையும் அந்தச் சுரங்கத்துலதான் போட்டேன். கசோம்பாவுல. இப்ப மிலிட்டரிக்காரன் புடிச்சிட்டான். எவ்வளவு வந்தாலும் வித்துடலாம், உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லு. மிச்சத்துக்கு என் பென்ஷன் மேல கடன் வாங்கியாவது தையில ஆபரேஷன் பண்ணிடலாம். படியில நீ மூச்சு விடுறது எனக்குத் தெனமும் கேக்குது."

பஞ்சாட்சரத்தின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"நான் ரயிலடிச் சுரங்கப்பாதையச் சொன்னேங்க" என்றாள் செந்தாமரை. "தண்ணி இடுப்பளவு நிக்குதாம், ஒரு வேன் மாட்டிக்கிச்சு. மெயின் ரோட்டுப் பக்கமா சுத்தி வாங்கன்னு சொல்லத்தான் கூப்புட்டேன்."

பஞ்சாட்சரம் என் கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார், நாற்காலியையும் டிவி பக்கம் சுற்றிவிட்டார். நேர் எழுத்து. சுரங்கப்பாதை மூடல். சீருடை போட்டவர்கள் தீயணைப்புக்காரர்கள், ஒரு ஆம்னி வேனைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அதில் ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். கசோம்பாவில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு 'ப்பாதை'யை முழங்கையால் மறைத்து என்னைக் கவிழ்த்துவிட்டாரே மனுஷன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது, பூமிக்குள் போய்த்தான் பழக்கமாயிற்றே.

"சரி, சொல்லிட்டீங்கல்ல" என்றது போன். "எட்டு மாசம் ஆயிருக்கு. நான் தீபாவளிக்கே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

"ஒனக்கு..."

"இருபத்தெட்டு வருஷமா சத்துமாவு மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டவ. ஒரு பாரத்தப் படிக்காம போடுவனா? சுரங்கம்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு."

"பின்ன ஏன் தாமரை போட்ட?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஹால்ல படுத்து விட்டத்தையே பாத்துக்கிட்டு கெடந்தீங்க. அன்னைக்கு அந்தப் பாரத்த எடுத்துக்கிட்டு வந்தப்பதான் மொகத்துல ஒரு களை வந்துச்சு. என் முட்டி கொஞ்ச நாள் அங்க இருந்துட்டுத்தான் வரட்டுமேன்னு விட்டேன்." "ஆனா கசோம்பாவுக்கு ரெண்டாவது செவப்புப் பொட்டு வச்சீங்க பாருங்க, அப்பதான் பயந்துட்டேன். தீபாவளிக்கு மறுநாள் நீங்க தூங்குறப்ப ஆட்டோ புடிச்சுப் பேங்குக்குப் போனேன். நீங்கதான சோத்துல வெட்டிக் காட்டுனீங்க, செங்குத்தா இருந்தா சரிஞ்சிரும், படி விட்டு வெட்டணும்னு? மேல்படி மொத்தத்தையும் வெட்டி எடுத்துப் போஸ்ட் ஆபீஸ்ல போட்டாச்சு. ஆபரேஷனுக்குச் சரியா இருக்கும். அடியில ஒரு படிய மட்டும் அங்கேயே வுட்டு வச்சிருக்கேன், உங்களுக்கு."

"எனக்கா?"

"காலையில எந்திரிச்சி அளக்க ஒரு பெஞ்ச் வேணும்ல? வர்றப்ப ஃபேன்சி ஸ்டோர்ல ஒட்டுப்பொட்டு ரெண்டு அட்டை வாங்கிட்டு வாங்க. ஒண்ணு எனக்கு. எதையும் எடுக்காதீங்க அதுல." வைத்துவிட்டாள்.

மூன்று படி ஏற மூச்சு வாங்குகிறவள் மழையில் ஆட்டோ பிடித்துப் போய், பேங்கின் அத்தனை படியையும் ஏறி, எனக்கு ஒரு படி விட்டுவைத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் தீபாவளிப் பலகாரம் தின்றுவிட்டுக் குறட்டை விட்டிருக்கிறேன். அழுகை வந்தது, அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது, இரண்டும் சேர்ந்து தோள் குலுங்கியது, இடது கன்னத்துச் சோப்பு துணியில் சொட்டியது. பின்னால் இருந்தவரில் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு, "ஏன் சார், அந்தக் கசோம்பாவுல இப்ப போடலாமுங்களா?" என்று கேட்டார். தளபதி இருக்கிறாரே, அதிபர் திரும்பி வந்தாரா என்று தெரியவில்லையே, நாளைக்குக் காலையில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று என் மனசு அதற்குள் கணக்குப் போடக் கிளம்பிவிட்டது.

"டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றிச் சீப்புகளுக்கு நடுவே மறுபடியும் வைத்தார். "அசையாதீங்க சார், இன்னும் ஒரு பக்கம் இருக்கு."